ஓநாய் அழுதாலும் ஆடு நனைவது உண்மையே



சில வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கிள்ளான் வட்டாரத்தில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மண்டபத்தில் இலவசச் சட்ட ஆலோசனைக்காக உட்கார்ந்திருந்தேன். அடையாளக் கார்டு கிடைக்காத பிள்ளை, இபிஎப் கட்டாத முதலாளி, வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி வந்த கடிதம் என்று வழக்கமான பிரச்சினைகள்தான். கூட்டம் கலைகிற நேரத்தில், தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "சார், சீனாவுல முஸ்லிம் மக்களைப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்காங்கன்னு அமெரிக்காக்காரன் தட்டிக் கேக்குறானாமே. ஏழைங்களுக்காகக் கேக்க ஒரு நாடாவது இருக்கே!"

பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் உடனே குறுக்கிட்டார்: "அதெல்லாம் சுத்தப் பொய்க்கா. ஈராக்குல குண்டு போட்டவன் சொல்றத நம்பலாமா? சீனா முன்னேறுது, அவனுக்கு வயிறு எரியுது. அவ்வளவுதான்."

அன்று நேரமாகிவிட்டது. பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இன்று எழுதுகிறேன்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பார்கள் நம் பெரியவர்கள். அக்கா அழுகையைப் பார்த்தார், அழுவது ஓநாய் என்பதைப் பார்க்கவில்லை. தம்பி ஓநாயைச் சரியாக அடையாளம் கண்டார், ஆனால் ஆடு உண்மையிலேயே மழையில் நிற்கிறது என்பதைப் பார்க்க மறந்துவிட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கை குலுக்கும்போது பேசப்படாத உரிமை

1971 ஜூலையில் அமெரிக்காவின் ஹென்றி கிஸ்ஸிங்கர் ரகசியமாகப் பெய்ஜிங் போனார். 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சனே நேரில் போய் மாவோவின் கையைக் குலுக்கினார். அப்போது சீனாவில் கலாச்சாரப் புரட்சி நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தெருவில் அவமானப்படுத்தப்பட்டார்கள், சிறையிலும் முகாமிலும் கிடந்தார்கள். அமெரிக்கா அதைப் பற்றி வாய் திறந்ததா? இல்லை. சோவியத் யூனியனுக்கு எதிராக அதற்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டது.

பின்னர் வந்த ஜிம்மி கார்ட்டர் மனித உரிமையே தமது வெளியுறவுக் கொள்கையின் உயிர்நாடி என்று அறிவித்தவர். அவர் காலத்தில்தான், 1979 ஜனவரி 1-ஆம் தேதி, அமெரிக்கா மக்கள் சீனத்தை முழுமையாக அங்கீகரித்தது. அதே 1979-இல் பெய்ஜிங்கில் வெய் ஜிங்ஷெங் என்ற இளம் மின் தொழிலாளி, ஜனநாயகமும் வேண்டும் என்று சுவரொட்டி எழுதியதற்காகக் கைதானார். தண்டனை 15 ஆண்டு சிறை. இரு நாட்டு உறவு அதனால் ஒரு நாள்கூடத் தடைபடவில்லை. மறு ஆண்டே சீனாவுக்கு அமெரிக்கச் சந்தையில் குறைந்த வரிச் சலுகை கிடைத்தது.

தியானன்மென்னும் ரகசிய விமானமும்

1989 ஜூன் 3 இரவும் 4-ஆம் தேதி விடியலும் பெய்ஜிங்கில் நடந்தது உலகுக்கே தெரியும். ஜனநாயகம் கேட்டுத் தியானன்மென் சதுக்கத்தில் கூடிய மாணவர்களுக்கு எதிராக ராணுவ டாங்கிகள் வந்தன. சதுக்கத்தை நோக்கிய சாலைகளில் சுடப்பட்டவர்களில் பலர் சாதாரணத் தொழிலாளிகள். எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கைச் சீன அரசாங்கம் இன்றுவரை நேர்மையாகச் சொல்லவில்லை.

அமெரிக்க அதிபர் மூத்த புஷ் கண்டனம் தெரிவித்தார். ஆயுத விற்பனையை நிறுத்தினார். உயர்மட்டச் சந்திப்புகள் இனி இல்லை என்று அறிவித்தார். ஆனால் நடந்தது என்ன? ஒரே மாதத்தில், 1989 ஜூலையில், தம் பாதுகாப்பு ஆலோசகர் பிரெண்ட் ஸ்கோகிராப்டை ரகசியமாகப் பெய்ஜிங்கிற்கு அனுப்பினார். டிசம்பரில் அவர் வெளிப்படையாக மறுபடி போனபோதுதான், முதல் பயணமும் அம்பலமானது. மேடையில் கண்டனம், பின்வாசலில் சமாதானம்!

1992 தேர்தலில் பில் கிளிண்டன் இதையே பிடித்துக்கொண்டு புஷ்ஷைத் தாக்கினார். கொடுங்கோலர்களைக் கொஞ்சுகிறார் என்று சாடினார். வெற்றி பெற்றதும், 1993 மே மாதத்தில், ஓர் உத்தரவு பிறப்பித்தார்: சீனா மனித உரிமையில் முன்னேற்றம் காட்டினால்தான் 1994-இல் வரிச் சலுகை நீடிக்கும்.

இந்த வரிச் சலுகையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அது இருந்தால் சீனச் சட்டையும் காலணியும் பொம்மையும் மற்ற நாட்டுப் பொருட்களைப் போலவே குறைந்த வரியில் அமெரிக்காவுக்குள் போகும். இல்லையென்றால் வரி பல மடங்கு ஏறும், விற்பனை படுத்துவிடும். 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கம்யூனிஸ்ட் நாடான சீனாவுக்கு அந்தச் சலுகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே அமெரிக்கா கையில் உண்மையிலேயே ஒரு பிடி இருந்தது.

சீனா அசையவில்லை. அசைந்தது அமெரிக்காதான். சீனாவுக்கு விமானமும் கோதுமையும் தொலைபேசிக் கருவிகளும் விற்க நினைத்த நிறுவனங்கள் தங்கள் அதிபரையே நெருக்கின. 1993 செப்டம்பரில் விடுதலையான வெய் ஜிங்ஷெங், 1994 தொடக்கத்தில் அமெரிக்காவின் மனித உரிமை அதிகாரி ஒருவரைச் சந்தித்துப் பேசினார். ஏப்ரலில் அவரை மறுபடியும் பிடித்துப் போட்டார்கள். 1994 மே 26-ஆம் தேதி கிளிண்டன் வரிச் சலுகையை நீட்டித்தார். இனி வணிகத்துக்கும் மனித உரிமைக்கும் முடிச்சுப் போடமாட்டோம் என்றும் அறிவித்தார்.

அமெரிக்க அதிகாரியை நம்பிப் பேசியவர் சிறைக்குள். அமெரிக்க நிறுவனங்கள் சீனச் சந்தைக்குள். இந்தக் காட்சியை மறக்காதீர்கள்.

கைதியும் ஒரு சரக்கு

அதன் பிறகு ஒரு புதிய வழக்கம் உருவானது. பெரிய தலைவர்கள் சந்திப்பதற்கு முன்போ பின்போ, பெயர் தெரிந்த ஒரு கைதியைச் சீனா விடுதலை செய்யும். 1997 இலையுதிர் காலத்தில் சீன அதிபர் ஜியாங் ஜெமின் அமெரிக்கா போய் வந்தார். நவம்பரில் வெய் ஜிங்ஷெங் மருத்துவச் சிகிச்சை என்ற பெயரில் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். 1998 ஜூனில் கிளிண்டன் பெய்ஜிங் போவதற்கு இரண்டு மாதம் முன்பு மாணவர் தலைவர் வாங் டான் அனுப்பப்பட்டார். அதே ஆண்டு, ஜெனிவாவில் ஐநா மனித உரிமை ஆணையத்தில் சீனாவுக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவரும் பொறுப்பிலிருந்து அமெரிக்கா ஒதுங்கிக்கொண்டது.

ஒரு வழக்கறிஞனாக நான் எந்தக் கைதி விடுதலையானாலும் மகிழ்வேன். சிறைக்குள் இருப்பவனுக்கும் அவன் தாய்க்கும் அரசியல் பாடம் தேவையில்லை, கதவு திறந்தால் போதும். ஆனால் சட்டம் மாறவில்லை, நீதிமன்றம் மாறவில்லை. முன்வாசல் வழியாக ஒருவர் வெளியே போனார், பின்வாசல் வழியாகப் பத்துப் பேர் உள்ளே போனார்கள்.

2000 அக்டோபரில் வரிச் சலுகையை நிரந்தரமாக்கும் சட்டம் கையெழுத்தானது. 2001 டிசம்பர் 11-ஆம் தேதி சீனா உலக வணிக நிறுவனத்தில் சேர்ந்தது. வணிகம் வளர்ந்தால் சுதந்திரம் தானாக வரும் என்று வாஷிங்டனில் பேசியவர்கள் பலர். வணிகம் வளர்ந்தது. பல கோடி சீன மக்கள் வறுமையிலிருந்து மீண்டார்கள், அது சாதாரணச் சாதனை அல்ல, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சுதந்திரத் தொழிற்சங்கம் வந்ததா? அரசாங்கத்தை எதிர்த்து வழக்காடும் வழக்கறிஞனுக்குப் பாதுகாப்பு வந்ததா? 2015 ஜூலை 9-ஆம் தேதி தொடங்கிய வேட்டையில் ஏறக்குறைய 300 வழக்கறிஞர்களும் அவர்களுடைய ஊழியர்களும் பிடிக்கப்பட்டார்கள் அல்லது விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம், நிலம் பறிபோனவர்களுக்கும் மத நம்பிக்கைக்காகத் துன்புறுத்தப்பட்டவர்களுக்கும் வாதாடியது. அவர்களில் ஒருவரான வாங் சுவான்ஜாங்கிற்கு 2019 ஜனவரியில் நாலரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நானும் அதே தொழிலைச் செய்பவன். அவர்களைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உய்குர் மக்கள்: ஒரே மக்கள், இரண்டு முத்திரை

இப்போது அந்த அக்கா கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சீனாவின் வடமேற்கில் சின்ஜியாங் என்ற மாநிலம். அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட உய்குர் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கென்று மொழி, மதம், பண்பாடு உண்டு.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவுக்குச் சீனாவின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. 2002-இல் சீனா குறிப்பிட்ட ஓர் உய்குர் இயக்கத்தை அமெரிக்கா பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதியில் பிடிபட்ட 22 உய்குர்கள் குவாந்தானமோ சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சீன அதிகாரிகள் அங்கேயே வந்து அவர்களை விசாரிக்கவும் அமெரிக்கா இடம் கொடுத்தது. அவர்கள் ஆபத்தானவர்கள் அல்ல என்று பிறகு தெரிந்தது. 2008 அக்டோபரில் 17 பேரை அமெரிக்க மண்ணிலேயே விடுதலை செய்யச் சொன்னார் ஒரு கூட்டரசு நீதிபதி. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. அல்பேனியா, பெர்முடா, பாலாவ் என்று சிறு சிறு நாடுகளில் அவர்களுக்கு இடம் தேடினார்கள். கடைசி மூவர் வெளியே வந்தது 2013 டிசம்பரில். 11 ஆண்டுகளுக்கும் மேல்!

2017 முதல் சின்ஜியாங்கில் முகாம்கள் பெருகின. பத்து லட்சம் பேர் வரை, அதற்கும் மேலாகவும்கூட, அடைக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தாடி வைத்தது, வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் பேசியது எல்லாம் சந்தேகத்துக்குரிய செயல்களாயின. தொழிற்பயிற்சி மையங்கள் என்றது சீனா. 2022 ஆகஸ்ட் 31-ஆம் தேதி ஐநா மனித உரிமை ஆணையர் அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. அங்கே நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்று அது சொன்னது. தம்பி கவனிக்க வேண்டும், இதைச் சொன்னது அமெரிக்கா அல்ல, ஐநா.

அமெரிக்கா என்ன செய்தது? 2020 ஜூனில் அதிபர் டிரம்ப் ஒரு பேட்டியில் தாமே ஒப்புக்கொண்டார்: சீனாவுடன் பெரிய வணிக ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்ததால் சின்ஜியாங் அதிகாரிகள் மீதான தடையைத் தள்ளிவைத்தாராம். வணிகப் போரும் கொரோனாச் சண்டையும் முற்றியதும் காற்று திசை மாறியது. 2020 ஜூலையில் தடைகள் வந்தன. நவம்பரில் அந்த உய்குர் இயக்கத்தின் பெயர் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2021 ஜனவரி 19-ஆம் தேதி, அந்த ஆட்சியின் கடைசி முழு நாளில், இது இனப்படுகொலை என்று வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். பிறகு 2025-இல் அதே டிரம்ப்பின் இரண்டாம் ஆட்சி அரசாங்க வானொலிகளின் நிதியை வெட்டியது. சின்ஜியாங் செய்திகளை உலகுக்குச் சொல்லி வந்த ஒரு வானொலியின் உய்குர் மொழிச் சேவை அந்த ஆண்டு நின்றுபோனது.

மக்கள் அதே மக்கள்தான். 2002-இல் அவர்கள் மீது குத்தப்பட்டது பயங்கரவாதி முத்திரை. 2021-இல் பாதிக்கப்பட்டவர் முத்திரை. இடையில் மாறியது அவர்கள் அல்ல, அமெரிக்காவின் தேவை.

இரண்டு யானைகளின் கணக்கு

சீனாவுக்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்கா ஆண்டுதோறும் உலக நாடுகளின் மனித உரிமை அறிக்கையை வெளியிடும். சீனாவோ அமெரிக்காவின் துப்பாக்கிச் சாவுகளையும் கறுப்பினத்தவர் மீதான போலீஸ் வன்முறையையும் பட்டியல் போட்டுத் தன் அறிக்கையை வெளியிடும். அதிலும் பெரும்பாலானவை உண்மையே!

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் இந்த வேடிக்கை இன்னும் தெளிவாகத் தெரியும். ஐநாவின் இரண்டு முக்கிய மனித உரிமை உடன்படிக்கைகளில், பேச்சுரிமை, நியாயமான விசாரணை போன்றவற்றுக்கானதை அமெரிக்கா 1992-இல் ஏற்றது. சீனா 1998-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, உறுதிப்படுத்தவில்லை. வேலை, உணவு, வீடு, மருத்துவம் ஆகியவற்றுக்கான மற்றொன்றைச் சீனா 2001-இல் ஏற்றது. அமெரிக்கா 1977-இல் கையெழுத்துப் போட்டதோடு நிற்கிறது. ஒருவர் வாயைத் திறக்கலாம், வயிற்றைப் பற்றிப் பேசக்கூடாது என்கிறார். மற்றவர் வயிற்றை நிரப்பிக்கொள், வாயை மூடு என்கிறார். உழைக்கும் மனிதனுக்கு இரண்டும் வேண்டும்.

நம் மலேசியா எங்கே நிற்கிறது? அந்த இரண்டையுமே ஏற்கவில்லை. இன ஒதுக்கலை ஒழிக்கும் உடன்படிக்கையை ஏற்கப்போவதாக 2018-இல் ஐநாவில் சொல்லிவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியது நமக்குத் தெரியும். ஆனால் அதே 2018 அக்டோபரில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. தாய்லாந்துச் சிறையிலிருந்து தப்பி வந்து இங்கே பிடிபட்ட 11 உய்குர்களைச் சீனா திருப்பிக் கேட்டது. மலேசியா கொடுக்கவில்லை, துருக்கிக்கு அனுப்பிவைத்தது. 2022 அக்டோபரிலோ, சின்ஜியாங் அறிக்கையை ஐநா மனித உரிமை மன்றம் விவாதிக்கலாமா என்ற வாக்கெடுப்பில் மலேசியா நடுநிலை வகித்தது. ஆதரவு 17, எதிர்ப்பு 19, நடுநிலை 11. விவாதம்கூட நடக்கவில்லை.

அப்படியானால் எல்லாமே வேஷமா?

இல்லை வாசகர்களே, இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். நீதிமன்றத்தில் புகார் கொடுத்தவனுக்கும் குற்றவாளிக்கும் பழைய பகை இருக்கலாம். புகார்காரன் கெட்ட எண்ணத்தோடுதான் வந்தான் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிரூபிக்கவும் செய்வார். அதனால் அடிபட்டவன் உடம்பில் உள்ள காயம் மறைந்துவிடுமா?

இன்னொன்றையும் பாருங்கள். கட்டாய உழைப்பில் செய்த பொருளை நாட்டுக்குள் விடக்கூடாது என்று அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. தொழிலாளி மீது வைத்த பாசத்தால் மட்டும் வந்ததல்ல அது, உள்ளூர் முதலாளிகளின் விற்பனையைக் காப்பாற்றுவதும் அதன் நோக்கம். உள்நாட்டில் போதிய அளவு கிடைக்காத பொருளாக இருந்தால் விட்டுவிடலாம் என்ற ஓட்டையும் அதில் இருந்தது. 2016-இல்தான் அந்த ஓட்டை அடைபட்டது. 2021 டிசம்பரில், சின்ஜியாங்கில் செய்த பொருள் என்றாலே கட்டாய உழைப்பு என்று கருதப்படும், இல்லை என்று இறக்குமதி செய்பவனே நிரூபிக்க வேண்டும் என்ற தனிச் சட்டமும் வந்தது.

அந்த 1930-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் நம் ஊருக்கே வந்தது. மலேசியக் கையுறைத் தொழிற்சாலைகள் சிலவற்றின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. நேப்பாளம், பங்களாதேஷ் போன்ற நாடுகளிலிருந்து கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்த தொழிலாளர்களுக்கு, அந்தப் பணம் கோடிக்கணக்கான ரிங்கிட் அளவில் திருப்பித் தரப்பட்டது. நல்ல மனத்தோடு யாரும் தரவில்லை, சரக்கு நின்றதால் தந்தார்கள். தொழிலாளி கைக்குப் பணம் வந்தது வந்ததுதானே! அதுவும் சும்மா நடக்கவில்லை. தொழிலாளர்கள் பயந்து பயந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். அதை எழுத ஆட்கள் இருந்தார்கள், மனுப்போட ஆட்கள் இருந்தார்கள். சின்ஜியாங் முகாம்களின் கதையும், தப்பி வந்தவர்கள் தங்கள் உறவினர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தே சாட்சி சொன்னதால்தான் வெளியே வந்தது.

அக்காவுக்கும் தம்பிக்கும்

அக்கா, பெரிய நாடு நமக்காகக் கேட்கும் என்று காத்திருக்காதீர்கள். வெய் ஜிங்ஷெங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற நாள் வந்தாலும் அது அவர்களுடைய நாளாக இருக்கும், நம்முடைய நாளாக இருக்காது. அன்றைக்கு நம் கையில் சாட்சியும் ஆவணமும் தயாராக இருந்தால்தான் பயன்.

தம்பி, ஓநாயை அடையாளம் கண்டுகொண்டதற்குப் பாராட்டு. ஆனால் அமெரிக்கா சொன்னது என்பதற்காகவே சீனாவில் அடிபட்டவனைப் பொய்யன் என்று சொல்லாதீர்கள். அவனும் நம்மைப் போலச் சிறுபான்மை. நம் குறையைச் சொல்லும்போதும் "இது அந்நியச் சக்திகளின் தூண்டுதல்" என்றுதான் அதிகாரத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். அந்த வார்த்தை எப்படிச் சுடும் என்று நமக்குத் தெரியும். அதையே இன்னொரு சிறுபான்மையின் மீது நாம் வீசலாமா?

அடுத்த முறை செய்தியில் ஒரு வல்லரசு இன்னொரு நாட்டின் மனித உரிமையைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதைச் சொல்பவனுக்கு இன்று என்ன தேவை? பாதிக்கப்பட்டவன் தன் வாயால் என்ன சொல்கிறான்? முதல் கேள்வி ஏமாறாமல் நம்மைக் காப்பாற்றும். இரண்டாவது கேள்வி கல்நெஞ்சக்காரர்களாக ஆகாமல் நம்மைக் காப்பாற்றும்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். சிந்திப்போம், ஒன்றுபடுவோம்.